அன்னக்கூடை – 17: ‘க்’ இல்லாத வில்லை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் சாம்பார் தீய்ந்த வாசனை தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அன்னக்கூடை டிரஸ்டின் செயலாளர் திரௌபதி அம்மாள் கரண்டியைத் தன் கையிலேயே பிடித்துவிட்டார் என்று அதிலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

சனிக்கிழமை நடந்தது தெரியாதவர்கள் எங்கள் தெருவில் யாருமில்லை. வெளித் தெருக்காரர்களுக்காக நாலு வரி.

தனியாகக் கிடக்கும் வயதானவர்கள் இருபத்திரண்டு பேருக்கு தினமும் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அன்னக்கூடையின் வேலை. தலைவர் தனபால், பீங்கான் கம்பெனி முதலாளி. செயலாளர் அவர் மனைவி. ஆபீஸும் சமையல்கூடமும் அவர்கள் வீட்டை ஒட்டிய பழைய குடோன். சாப்பாட்டைக் கொண்டுபோகிறவர்கள் எல்லாம் வாலண்டியர்கள். அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை சால்வை உண்டு, லேமினேஷன் போட்ட சான்றிதழ் உண்டு. சம்பளத்துக்கு இருந்த ஒரே ஆள் கனகா. சமைப்பது, கட்டுவது, கழுவுவது, பூட்டுவது எல்லாம் அவள்தான். அவளுக்கு உட்கார நாற்காலி கிடையாது. பெரிய டபராவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள்.

போன புதன்கிழமை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாமிக்கண்ணு என்கிற பெரியவர் மயங்கி விழுந்தார். ஒரு வாரமாகப் பன்னும் டீயும்தான் என்று ஆஸ்பத்திரியில் தெரிந்தது. கமிட்டி கூடியது. வாலண்டியர் போய் வந்ததற்கு அத்தாட்சி சரியாக இருந்தது. அப்படியானால் போன கேரியர் காலியாகப் போயிருக்க வேண்டும். கேரியர் கட்டுவது கனகா. மன்னிப்புக் கடிதம் எழுதி, சமையல்கூட வாசலில் நின்று, எல்லா வாலண்டியர்களுக்கும் முன்னால் வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். வேலையை விட்டு எடுக்காமல் பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்று கமிட்டி நினைத்துக்கொண்டிருக்கும்போதே, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் பொட்டலத்தில் ஓடியது. திங்கட்கிழமைக்குத்தான் இந்தச் சாம்பார்.

“தீஞ்சதுன்னு சொல்லாத. ஓமம் போட்டதுன்னு சொல்லு” என்றார் தனபால், செய்தித்தாளை இறக்காமலே. அவரும் ஒரு வாலண்டியர்தான். கம்பெனிக்குப் போகிற வழியில் காரில் இரண்டு கேரியர் கொண்டுபோவார். அதில் ஒரு வீடு மூன்றாம் மாடி என்பதையும், தன் முட்டி வலியையும், பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிடுவார்.

மருமகள் சுபாஷினி கேரியர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகன் கோகுல்ராஜுக்கு நெய்வேலியில் ஷிப்டு வேலை. வீட்டுக்கு வந்தால் தூங்குவான். அதனால் மாமியாருக்கும் மருமகளுக்கும் டிரஸ்ட்தான் பேச்சு. அன்றைக்கு அதுவும் இல்லை. சனிக்கிழமையிலிருந்தே சுபாஷினி சரியாகச் சாப்பிடவில்லை என்பதைத் திரௌபதி கவனித்திருந்தார். கனகாவை நினைத்து இளகிய மனசு வருந்துகிறது என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

---

பத்து மணிக்குத் திரௌபதி ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் ஒரு டஜன் சாத்துக்குடி. ஒரு போட்டோ எடுத்து வாலண்டியர் குரூப்பில் போடலாம் என்ற எண்ணமும் இருந்தது. கமிட்டியில் ஐந்து பேர் இருந்தும் அதுவரை ஒருவர்கூட அந்த மனிதரைப் போய்ப் பார்க்கவில்லை. அத்தாட்சிதான் கையில் இருக்கிறதே, ஆளை எதற்குக் கேட்பது?

சாமிக்கண்ணு அவரைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தில் பாதியை மூடிக்கொண்டார். போட்டோ எண்ணம் அங்கேயே போய்விட்டது.

சோறு வரவில்லை என்றால் ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டார் திரௌபதி.

“எப்பிடிம்மா கேக்கறது” என்றார் அவர். “சும்மா குடுக்கறாங்க. நம்ம பேரை எடுத்துட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டேன். பக்கத்து வூட்டுலகூட சொல்லலை. வெக்கமா இருந்துச்சி.”

காலி கேரியரையா கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு அவர் துண்டை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார். யாரையும் குறை சொல்லக்கூடாதும்மா என்று மட்டும் சொன்னார். கனகாவைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று திரௌபதி எடுத்துக்கொண்டார். புறப்படும்போது, வீட்டில் ஒரு வேட்டியும் மூக்குக்கண்ணாடியும் இருக்கிறது, சாவி ஜன்னல் விளிம்பில் இருக்கிறது, யாரையாவது விட்டு எடுத்துவரச் சொல்ல முடியுமா என்று பெரியவர் கேட்டார். யாரை விடுவது? அனுப்புவதற்கு இருந்த ஒரே ஆள்தான் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாளே. திரௌபதியே ஆட்டோ பிடித்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. கேட்டோரம் கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பூவாயி எழுந்து ஆட்டோ பக்கத்தில் வந்தாள்.

“பீங்கான் கம்பெனி அம்மாதான? உங்க மருமவ நல்லா இருக்குதா?”

“ஏன், என்னா விஷயம்?”

“மவராசிம்மா அது. ஒரு வாரம் எனக்கு சோறு போட்டுச்சி. மத்தியானம் வண்டிய இங்க நிறுத்தும், கேரியரை என் சட்டியில கவுத்துட்டு ஒண்ணும் பேசாம போயிடும். புதன்கிழமையோட வர்றதில்லை. ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்.”

திரௌபதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுச் சோற்றைக் கேரியரில் எடுத்துக்கொண்டு போய், மாமியாரிடம்கூடச் சொல்லாமல் போட்டிருக்கிறாள். சரக்கு வண்டி நகர ஆரம்பித்து ஐம்பத்திரண்டு பெட்டி போகும்வரை அந்தப் பெருமை தாங்கியது. இரண்டு கிலோ கொய்யாவும் வாங்கிக்கொண்டார்.

சாமிக்கண்ணுவின் வீடு ஒற்றை அறை. வாசல் நிலையில் ஒரு ஆணி. அதில் வட்டமான வெள்ளைப் பீங்கான் வில்லை தொங்கியது. நீல மையில் 9. பார்த்ததும் திரௌபதி தன் ஏற்பாட்டைத் தானே மெச்சிக்கொண்டு உள்ளே போனார். வேட்டியை எடுத்தார். கண்ணாடியை எடுத்தார். அப்புறம்தான் கால் நின்றது.

அந்த வில்லை விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வில்லை, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். ஒன்று அந்த வீட்டு வாசலில் தொங்கினால் மற்றது ஆபீஸ் பலகையில் தொங்கும். வாலண்டியர் கேரியரோடு ஆபீஸ் வில்லையை எடுத்துப் போய் அங்கே மாட்டிவிட்டு, அங்கே இருப்பதை எடுத்து வந்து இங்கே மாட்ட வேண்டும். ஆகவே ஆபீஸ் பலகை ஒரு நாள் முழுக்க வெள்ளையாக இருக்கும், மறுநாள் முழுக்க நீலமாக. ஒரு வீடு விட்டுப்போனாலும் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். தனபாலின் மூளையில் உதித்தது, அவர் கம்பெனிச் சூளையில் வெந்தது. கடலூரிலிருந்து வேறு டிரஸ்ட்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை மயங்கி விழுந்ததிலிருந்து ஒன்பதாம் நம்பருக்கு யாரும் போகவில்லை. ஆபீஸ் பலகையில் ஒன்பதாம் ஆணியில் அன்று மாட்டியது அப்படியே இருக்கிறது. அது வெள்ளை. சனிக்கிழமை அதைக் காட்டித்தான் கனகாவை நிற்க வைத்தார்கள்.

இங்கே தொங்குவதும் வெள்ளை.

ஆணிக்கும் வில்லைக்கும் நடுவே சிலந்தி ஒன்று குடித்தனம் தொடங்கி நாளாகியிருந்தது. திரௌபதி வில்லையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ‘அன்னக்கூடை’ என்று எழுத்து ஒழுங்காக இருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது கொய்யாப்பழ வாசனை தாங்கவில்லை.

---

ஆபீஸ் பலகையில் ஒன்பதாம் ஆணியில் இருந்ததைத் திருப்பினார். ‘அன்னகூடை’ என்றிருந்தது.

முதல் முறை சூளையிலிருந்து வந்த வில்லைகள் அவை. துணைத்தலைவர் பூபாலன் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒன்றைக் கையில் எடுத்து, ‘க்’ எங்கே என்றார். ஒற்று மிகவில்லை என்றால் கூடை கவிழ்ந்துவிடும் என்று அரை மணி நேரம் பேசினார். சுட்ட எழுத்தை அழிக்க முடியுமா? நாற்பத்து நாலையும் ஒரு செருப்பு டப்பாவில் போட்டு மேசைக்கடியில் தள்ளிவிட்டு, புதிதாகச் சுட்டு வாங்கினார்கள். டப்பாவைத் தூக்கிப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பீங்கானைக் குப்பையில் போட இந்த ஊரில் யாருக்கும் மனசு வராது.

ஒன்பதாம் நம்பர் வழியின் வாலண்டியர் சுபாஷினி. அவள் கொல்லையில் அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரௌபதி இரண்டு வெள்ளை ஒன்பதையும் துவைக்கிற கல்மேல் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சுபாஷினி எழுந்தாள். கையைக் கழுவினாள். வாசலுக்குப் போய் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, மழைக்கோட்டுக்கு அடியிலிருந்து நீல ஒன்பதை எடுத்துவந்து அவற்றின் பக்கத்தில் வைத்தாள்.

“கேட் போட்டுட்டான் அத்தை. பாப்பாவோட ஸ்கூல் வேன் வர்ற நேரம். ஒரு நாள்தானேன்னு திரும்பிட்டேன். பலகையில ஒண்ணு மட்டும் நெறம் மாறி இருந்தா எல்லாரும் கேப்பாங்கன்னு டப்பாவுலேர்ந்து எடுத்து மாட்டுனேன்.”

“மறுநாளு?”

“மறுநாளு கெளம்பிப் போனேன். கேட் தொறந்துதான் இருந்துச்சி. நேத்து ஏம்மா வரலைன்னு அவரு கேட்டா என்னா சொல்றதுன்னு அங்கயே நின்னுட்டேன். நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு…” “ஒவ்வொரு நாளும் போவறது கஷ்டமாயிட்டே வந்துச்சி அத்தை.”

ஒரு நாள் போகாததற்கு வெட்கப்பட்டு ஏழு நாள் போகவில்லை. கேட்க வெட்கப்பட்டு அவர் அங்கே ஏழு நாள் அரைப்பட்டினி. நடுவில் கேட்டோரம் பூவாயி மட்டும் வயிறார வாழ்த்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

“கமிட்டியில கனகா மேல பழி போட்டோமே. அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மாமா, கேரியர் கனமா இருந்துச்சா லேசா இருந்துச்சான்னு கேட்டாங்க. கவனிக்கலைன்னு வந்துருச்சி.”

அந்த ஒரு வார்த்தையில்தான் பழி கனகாவின் தலையில் நின்றது. திரௌபதிக்கு மருமகளை அறைய வேண்டும் போலிருந்தது. அறைகிற அளவுக்குத் தான் யோக்கியமா என்று உடனே ஒரு சந்தேகமும் வந்தது. சனிக்கிழமை கனகா வாசித்தபோது, ‘இன்னும் கொஞ்சம் சத்தமா’ என்று சொன்னது அவர்தான்.

மதியம் சாப்பிட வந்த தனபால், நின்றுகொண்டே கேட்டார். வில்லைகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. அது என்னவென்று திரௌபதிக்கு அப்போது பிடிபடவில்லை.

“நம்ம வூட்டு விஷயம் நம்ம வூட்டோட இருக்கட்டும்” என்றார். “நாலு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள அந்தப் பொண்ணைப் பாத்து ஒரு பொடவை குடு. சாவியைக் குடு. வரச் சொல்லு. காரணமெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க.”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, திரௌபதி அம்மாள் அப்படியே செய்தார். பீரோவைத் திறந்து, யாரோ எப்போதோ வைத்துக் கொடுத்த வாடாமல்லி நிறப் புடவையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

---

கனகாவின் வீட்டு வாசலில் பீங்கான் கிளிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஏதோ ஒரு யூனிட்டிலிருந்து வண்ணம் தீட்ட எடுத்துவந்திருக்கிறாள். உடம்புக்குப் பச்சை, மூக்குக்குச் சிவப்பு ஆகிவிட்டது. கண் மட்டும் பாக்கி. திரௌபதியைப் பார்த்ததும் எழுந்தாள், முக்காலியைத் துடைத்துப் போட்டாள், மறுபடி உட்கார்ந்து தூரிகையை எடுத்துக்கொண்டாள். நாற்காலி கொடுக்காத இடத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் முக்காலியைத் துடைத்துப் போட்டது திரௌபதிக்கு உறைத்தது.

சாவியை வைத்தார். புடவையை வைத்தார். நடந்தது நடந்துவிட்டது, நாளையிலிருந்து வந்துவிடு, நீ இல்லாமல் முடியவில்லை என்றார். சாம்பார் கதையைக்கூடச் சொல்லிப் பார்த்தார்.

கனகா ஒரு கிளிக்குக் கண் வைத்து முடித்தாள்.

“ரெண்டு வெள்ளை ஒம்போதையும் பாத்துட்டீங்களாம்மா?”

திரௌபதி நிமிர்ந்து பார்த்தார்.

“வில்லையெல்லாம் திங்கட்கிழமை சாயங்காலம் சோப்பு போட்டுக் கழுவறவ நான். போன திங்கட்கிழமை கழுவறப்போ பின்னாடி பாத்தேன். ‘க்’ இல்லை. பூபாலன் ஐயா போட்ட சத்தம் மறக்குமா?”

“அப்பவே ஏன் சொல்லலை கனகா?”

“நீங்கதானம்மா சொல்லி வச்சிருந்தீங்க.”

ஆடி மாதம் நடந்தது அது. பூபாலனின் மகள் அனுசியா, அவளும் வாலண்டியர், ஒரு நாள் ஒன்றரை மணிக்கு வந்து கேரியர் எடுத்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கனகா கேட்டுவிட்டாள். அனுசியா கண் கலங்கிப் போய் அப்பாவிடம் சொல்ல, அப்பா திரௌபதியிடம் சொல்ல, திரௌபதி எல்லோர் முன்னாலும் கனகாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: சம்பளம் வாங்குகிறவள் சும்மா வருகிறவர்களைக் கேள்வி கேட்கக்கூடாது, அவர்கள் மனசு நொந்துபோனால் நாளைக்கு யார் வருவார்கள்? நல்ல நிர்வாகம் என்று அன்றைக்குப் பூபாலன் பாராட்டினார்.

“இருந்தாலும் சொல்லியிருக்கணும்” என்றாள் கனகா. “திங்கட்கிழமை பாத்தேன். செவ்வாய்க்கிழமை சொல்லலாமா வேணாமான்னே போயிடிச்சி. நானே ஒரு எட்டு போய்ப் பாத்திருக்கலாம். புதன்கிழமை விழுந்துட்டாரு. அந்த ரெண்டு நாளு என் கணக்குதாம்மா. அதான் நிக்கச் சொன்னப்போ நின்னேன், வாசிக்கச் சொன்னப்போ வாசிச்சேன். உங்களுக்காகன்னு நெனச்சிக்காதீங்க.”

திரௌபதி தலை குனிந்துகொண்டார். எதிரே இருபது கிளிகள் கண்ணில்லாமல் அவரைப் பார்த்தன.

“பொடவை வேணாம்மா. நான் வரேன். நான் நின்ன எடத்துல நின்னு, நான் வாசிச்ச மாதிரி வாசிக்கணும்.”

“சுபாவை வாசிக்கச் சொல்றேன்.”

“அது சின்னப் பொண்ணு. நீங்க வாசிங்க.”

---

நாலு மணிக்குக் கமிட்டி கூடியது. மெத்தை தைத்த நாற்காலிகளில் தலைவர் தனபால், துணைத்தலைவர் பூபாலன், பொருளாளர் ஆதிலட்சுமி. ஐந்தாவது உறுப்பினர் ஒரு டாக்டர். அவர் பெயர் நோட்டீஸில் மட்டும் வரும். சாப்பாடு கொடுத்துத் திரும்பிய வாலண்டியர்கள் சுவரோரம் நின்றார்கள். பலகை முழுக்க நீலம். ஒன்பதாம் ஆணி மட்டும் காலியாக இருந்தது. புது சமையல்காரம்மா தேடுவதுதான் அஜெண்டா.

திரௌபதி தன் நாற்காலிக்குப் போகவில்லை. சமையல்கூட வாசலுக்குப் போய் நின்றார். இரண்டாக மடித்த ஒரு தாளைப் பிரித்தார். தனபால் தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

“அன்னக்கூடை டிரஸ்டின் செயலாளர் திரௌபதி ஆகிய நான் எழுதிக்கொடுப்பது” என்று ஆரம்பித்தார். கனகா சனிக்கிழமை எழுதியதும் இதே மாதிரி முதல் வரிதான். சொல்லிக் கொடுத்தது பூபாலன். “ஒன்பதாம் எண் வீட்டுக்கு ஏழு நாள் உணவு போகவில்லை. கேரியர் காலியாக இல்லை. கொண்டுபோகாமல் இருந்தவர் என் மருமகள். விசாரிக்காமல் கனகாவை நிற்க வைத்தது நான். கேள்வி கேட்கக் கூடாது என்று அவள் வாயை முன்பே அடைத்து வைத்ததும் நான். இதற்காக…”

“இன்னும் கொஞ்சம் சத்தமா வாசிங்க அத்தை” என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சுபாஷினி. முகமெல்லாம் நனைந்திருந்தது. கிண்டல் இல்லை, கேட்க வேண்டிய தண்டனையை முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்கிற தவிப்பு. சொல்லிவிட்டு நடந்து வந்து மாமியாரின் பக்கத்தில் நின்றுகொண்டாள். திரௌபதி கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசித்தார்.

பூபாலன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சொந்தக் குடும்பத்துப் பெண் என்பதால் டிரஸ்ட் விட்டுக்கொடுக்க முடியாது, நம்பிக்கை என்பது பீங்கான் போன்றது, விரிசல் விட்டால் ஒட்டாது என்று நல்ல தமிழில் ஆரம்பித்தார். மேடை கிடைத்தால் அவர் சுலபத்தில் இறங்குகிறவர் இல்லை. ஆதிலட்சுமி தலையாட்டினார்.

அப்போது கனகா உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. வழக்கமான திங்கட்கிழமை வேலையாக நேரே பலகைக்குப் போய், நீல வில்லைகளை ஒன்றொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இருபத்தோரு வில்லை. பூபாலனின் பேச்சு நடுவிலேயே மெலிந்து நின்றுபோயிற்று. வில்லைகள் ஆணியில் மோதுகிற சின்னச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டைக் கழற்றினாள். ஒன்றைக் கொண்டுவந்து பூபாலன் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

“ஐயா தமிழ் படிச்சவங்க. வாசிங்கய்யா.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “அன்ன…” என்றார். அடுத்த எழுத்தைத் தேடினார். இல்லை. திருப்பினார். எண் நாலு. நாலு, ஐந்து, ஆறு மூன்றும் அனுசியாவின் வழி. அவர் சுவரோரம் மகளைத் தேடினார். அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு நடந்த பிறகு, இன்றைக்கும்.

இரண்டாவது வில்லையைக் கனகா தலைவர் முன்னால் வைத்தாள். திருப்பவில்லை. தேவையும் இருக்கவில்லை. பத்தொன்பது, மூன்றாம் மாடி. படுத்த படுக்கையாக இருக்கும் வீராயி அம்மாள்.

மத்தியானம் வில்லைகளைப் பார்த்தபோது கணவர் முகத்தில் வந்தது என்னவென்று திரௌபதிக்கு இப்போது பிடிபட்டது. அது பயம்.

“எத்தனை நாளுங்க?” என்றார்.

“முட்டி…” என்றார் தனபால். சூளையிலிருந்து வந்தபோது அந்த வில்லைகளைத் தன் கையால் எண்ணி வாங்கிய மனிதர், ஒரே ஒரு வில்லையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விரலால் தள்ளித் தள்ளி வைத்தார்.

கனகா அதற்குள் சமையல்கூடத்துக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். “ரெண்டு வூட்டுல இன்னும் சாப்புடலை” என்று அங்கிருந்தே சொன்னாள். “அரிசி போட்டுட்டேன். அரை மணி நேரத்துல கட்டிடுவேன். யாரு வரீங்க?”

“நாலாம் நம்பருக்கு நான் போறேன்” என்று சுபாஷினி ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். “அப்பிடியே ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வரேன் அத்தை. அவரு என்னா கேட்டாலும் கேக்கட்டும்.”

“மாடிக்கு நான் போறேன்” என்றார் திரௌபதி. வாசித்து முடித்த தாள் இன்னும் அவர் கையில் இருந்தது. அதைத் திருப்பி, எழுத்தில்லாத பக்கம் மேலே வரும்படி, கணவருக்கு முன்னால் மேசைமேல் வைத்தார். தாள் பறக்காமல் இருக்க, பத்தொன்பதை அதன் ஓரத்தில் நகர்த்தி வைத்தார்.

தனபால் தாளைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார். பேனா இல்லை.

பேனா பூபாலனின் பையில் இருந்தது, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அவர் அதன்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்; எடுத்துக் கொடுக்கவில்லை. அவருக்கும் அது தேவைப்படும் போலிருந்தது.